உப்புக்காற்றில் ஒரு கார்: பழைய சிவிக்கா, புதிய உள்ளூர்க் காரா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து மன்னாரில் கார் வாங்க எண்ணுகிறவர்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த ஹொண்டா சிவிக் டேர்போ போன்ற வேகமான செடான் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவதா, நாட்டுக்குள்ளேயே பொருத்தப்பட்டு உத்தரவாதத்தோடு வரும் புதிய சிறிய கார் ஒன்றை வாங்குவதா? இரண்டின் விலையும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருப்பதால் கேள்வி இன்னும் கடினமாகிறது.

இந்தப் பேச்சு எப்போதும் கொழும்புக் கணக்கில்தான் நடக்கிறது. குதிரைத்திறன் எவ்வளவு, உள்ளே என்னென்ன வசதி, விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதோடு அது முடிந்துவிடும். மன்னார்த் தீவில் வீடு வைத்திருப்பவர் இவற்றுக்கு முன்னால் இரண்டு விடயங்களை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று உப்பு. மற்றது தூரம். காரை வாங்கும் நாளின் விலையை விட, வாங்கி ஐந்தாறு ஆண்டு கழிந்தபின் அது எந்த நிலையில் நிற்கும், அதை யார் திருத்துவார் என்பதே இங்கே உண்மையான விலை.

கேள்வி புதிதல்ல. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்தா கார்களை இலங்கையிலேயே பொருத்தி விற்றார். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் யப்பானியக் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. உள்ளூர்ப் பொருத்தல் பின்னுக்குப் போயிற்று. யப்பானிலும் இடப்பக்க ஓட்டம், வலப்பக்கச் சுக்கான். அங்கே ஓடிய காரை இங்கே எந்த மாற்றமும் இல்லாமல் ஓட்டலாம். பழைய காரை வைத்திருப்பது அங்கே செலவான காரியமும்கூட. புதிதாக வாங்கிய காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாம் ஆண்டில் வரும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குள் விற்றுவிடுவோர் பலர். அந்தக் கார்கள் ஏல மையங்களைக் கடந்து இங்கே 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் வருகின்றன. தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் கடலுக்கு அப்பால் தனுஷ்கோடிப் பக்கத்தில் இந்தக் கேள்வியே இல்லை. பழைய கார் இறக்குமதியை இந்தியா நடைமுறையில் அடைத்தே வைத்திருக்கிறது. அங்கே புதியது என்றால் உள்நாட்டுத் தயாரிப்பு, பழையது என்றாலும் உள்நாட்டுத் தயாரிப்பு.

வடக்குக்கு இதில் தனி அனுபவம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். கார்புரேற்றரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த எவரும் அவற்றைத் திருத்த முடிந்ததாலேயே நாற்பது வயதுக் கார்கள் போரைத் தாண்டின. கார் ஒன்றின் ஆயுளை அதன் தரம் பாதி தீர்மானிக்கிறது. அதைத் திருத்தத் தெரிந்த கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. மன்னாரில் இன்றும் இதுதான் நிலை.

இனி அந்த சிவிக்குக்கு வருவோம். பத்தாம் தலைமுறை சிவிக்கின் 1.0 டேர்போ வகை 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைக்குப் பெருமளவில் வந்தது. காரணம் வரி. இங்கே பெற்றோல் காருக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது. 1000 சிசி முதல் படி. 1300, 1500 என்று ஏற ஏற ஒவ்வொரு சிசிக்குமான வரியும் ஏறும். சிவிக்கின் மூன்று சிலிண்டர் எஞ்சின் 988 சிசி. ஆனால் டேர்போவின் துணையோடு அது ஏறத்தாழ 129 குதிரைத்திறன் தருகிறது. 1197 சிசி கொண்ட ஹியூண்டாய் கிராண்ட் ஐ10 தருவது 83 அளவில். அதாவது பலம் கூடிய கார் கீழ்ப்படியிலும், பலம் குறைந்த கார் மேற்படியிலும் நின்றன. 999 சிசி எஞ்சினோடு அவுடி ஏ3 செடானும் இதே வழியால்தான் நுழைந்தது. எந்தக் கார் இந்த நாட்டுக்குப் பொருந்தும் என்று யாரும் யோசித்து இவை வரவில்லை. வரி அட்டவணை அழைத்தது, வந்தன. இதை மறந்துவிட்டு "எல்லாரும் வாங்கினார்கள், நல்ல காராகத்தான் இருக்கும்" என்று வாங்கப் போவது தவறு.

நல்ல கார்தான், மறுக்கவில்லை. அதன் நிலைப்பும் பிரேக்கும் ஓட்டும் சுகமும் சிறிய கார் எதிலும் கிடைக்காது. ஆனால் அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள் நனைந்தபடி ஓடுகிறது. குறித்த தரத்தில் உள்ள எண்ணெயை, குறித்த காலத்தில் மாற்றினால் பிரச்சினை இல்லை. தவறினால் பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வடியை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் விழும், எஞ்சின் போகும். சுமார் ஆறு ஆண்டுக்குப் பிறகு இந்தப் பெல்ட்டை மாற்றுவதே பாதுகாப்பு. 2017, 2018இல் வந்த கார்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. இறக்குமதி மூடியிருந்து, ரூபாயும் விழுந்து, டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 வரை போன 2022இல், உரிய எண்ணெயைத் தேடி வாங்கி ஊற்றியவர்கள் எத்தனை பேர்? ஆகவே இந்தக் காரைப் பார்க்கும்போது தோலிருக்கையைத் தடவிப் பார்ப்பதை விட சேர்விஸ் புத்தகத்தைத் திறந்து 2021 முதல் 2023 வரையான பக்கங்களைப் படிப்பது மேல். அவுடியில் கவலை வேறிடத்தில் இருக்கிறது. அதன் ஏழு கியர் உலர்-கிளச் பெட்டி வெப்பத்திலும் நெரிசலிலும் தொல்லை தருவது உலகம் முழுக்கப் பதிவான விடயம். மன்னாரில் நெரிசல் இல்லை, வெப்பம் நிறைய உண்டு.

இறக்குமதி திறந்துவிட்டதே, யப்பானிலிருந்து நேரடியாக ஒரு ஸ்போர்ட்ஸ் செடானை எடுக்கலாமே என்று கேட்கலாம். இப்போதைய விதிப்படி கார் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. மூன்று ஆண்டுக்குட்பட்ட செடானில் விளையாட்டுக் குணம் உள்ளது என்றால் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்4 போன்றவைதான். அதன் எஞ்சின் 2.4 லீற்றர். அந்தக் கொள்ளளவுக்கான உற்பத்தி வரி, சுங்க வரி, அதன்மேல் மிகைவரி, பெறுமதி ஐந்து மில்லியன் ரூபாயைத் தாண்டினால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வற் வரி. நடுத்தரக் குடும்பம் ஒன்று நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது. பலரும் ஆசைப்பட்ட டொயோட்டா மார்க் எக்ஸின் உற்பத்தி 2019 டிசம்பரில் நின்றது. பிறீமியோவும் எலியனும் 2021இல் நின்றன. ஆகவே இன்று 'இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் செடான்' என்றால் ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருக்கும் காரைத்தான் பேசுகிறோம்.

அந்தக் காரின் முதல் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, யப்பானிலிருந்து வந்ததாக இருந்தால், அதன் ஏலத்தாள். இங்கே விற்கிறவர்கள் அதைக் காட்டுவார்கள். வாங்குகிறவர்கள் 4, 4.5 என்ற தர எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைவார்கள். அந்த எண்ணை விடக் காரின் படத்தின் மேல் இட்டிருக்கும் குறிகளில்தான் செய்தி இருக்கிறது. ஏ என்பது கீறல், யூ என்பது குழி, டபிள்யூ என்பது பழுதுபார்த்த அலைவு, இரட்டை எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. எஸ் என்றால் துரு. தர எண்ணுக்குப் பதிலாக ஆர் இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். மன்னார்க்காரர் தேட வேண்டியது அந்த எஸ் குறியைத்தான். ஹொக்கைடோ, தோஹோக்கு போன்ற பனிப் பிரதேசங்களில் வீதிப் பனியை உருக்க உப்பு தூவுகிறார்கள். அங்கே இரண்டு மாரி ஓடிய கார் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் துரு தொடங்கியிருக்கும். அதைக் கொண்டுவந்து மன்னாரில் விட்டால், உப்பில் பிறந்த துரு உப்பிலேயே வளரும்.

மன்னாரின் உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தீவைச் சுற்றிக் கடல். நகரத்தை ஒட்டி உப்பளம். தரைப்பாலத்தின் இருபக்கமும் ஆழமற்ற உப்புநீர். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாற் தம்பபவனி நிலையம் நிறுவப்பட்டது. காற்று மின்சாரத்தோடு மணலையும் உப்புத்தூளையும் கொண்டுவருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேல் மெல்லிய நீர்ப்படலமாக வைத்திருக்கும். அந்தப் படலத்தில்தான் இரும்பு அரிக்கிறது. கதவின் அடி விளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, பிரேக் எண்ணெய்க் குழாய், பற்றரி முனை, பூமித்தொடுப்புக் கம்பி, ஏசி கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். டேர்போ காரில் முன்பக்கத்தில் இன்டர்கூலர் ஒன்றும் சேர்ந்து நிற்கிறது. உணரிகளும் அவற்றின் இணைப்பிகளும் சாதாரணக் காரை விட அதிகம். இணைப்பி ஒன்றின் பித்தளைக் கால் பச்சை பிடித்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கக் கணினிக் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

கழுவினால் போகாதா? நன்னீரில் கழுவினால் போகும். தீவில் பல கிணறுகள் உவர்நீர். அதே தண்ணீரால் காரை நாள்தோறும் கழுவித் துடைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மேலே மினுங்கும், அடியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழாய்நீரால் அடிப்பக்கத்தை அலசுவதும், ஆண்டுக்கொருமுறை காற்றுக்காலம் தொடங்குமுன் அடித்தகட்டுக்கு மெழுகுப்பூச்சு அடிப்பதும் எந்தக் காருக்கும் இங்கே கட்டாயம். புதிய காரில் இதை முதல் நாளே தொடங்கலாம். பழைய காரில் துருவின் மேல் பூச்சடித்தால் அது உள்ளே இருந்தபடி தின்னும்.

அடுத்தது தூரம். மன்னார் நகரத்துக் கராஜ்களுக்கு ஹைஏஸ் வானும் டிமோ பட்டாவும் முச்சக்கரவண்டியும் ட்ராக்டரும் கைவந்த வாகனங்கள். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பாகமே கிடைக்காத காலத்தில் வாகனங்களை ஓடவைத்தவர்கள் அவர்கள். ஆனால் டேர்போ செடானுக்கு வேண்டிய கருவியும் பாகமும் அவர்களிடம் இல்லாதது அவர்களுடைய குற்றமில்லை. வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் ஏ32 வழியாக, பூநகரியும் சங்குப்பிட்டிப் பாலமும் தாண்டி, நூறு கிலோமீற்றருக்கு மேல். கொழும்பு முந்நூறுக்கு மேல். சிவிக்கின் பாகம் ஒன்று பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்பது கொழும்புக்காரருக்கு ஆறுதல். மன்னாரில் அது பஸ்ஸில் அனுப்பச் சொல்லி, தவறான பாகம் வந்து, திருப்பி அனுப்பி, கார் வீட்டில் நிற்கும் நாட்கள். கார் ஓடாத நிலையில் அதை வவுனியாவுக்கு இழுத்துச் செல்லும் செலவையும் யாரும் முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதில்லை.

பாதையின் குணத்தையும் பார்க்க வேண்டும். 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக யப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலமும் தரைப்பாலமும் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டன. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ஏ14 இப்போது நல்ல காப்பெற் வீதி. ஆனால் நகரத்துக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேக வீதி எதுவும் மன்னாருக்கு வரவில்லை. கொழும்புக்குக் குருநாகல் வழியாகப் போகும்போது குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையே 2022இல் திறந்த சுமார் 40 கிலோமீற்றர் துண்டுதான் வழியில் கிடைக்கும். இரவில் வீதியின் நடுவே கழுதைகள் நிற்கும். மன்னார்க் கழுதைகள் ஹோர்ன் அடித்தாலும் விலகுவதில்லை. முருங்கன் பக்கம் மாடுகள். 129 குதிரைத்திறனுக்கு இங்கே என்ன வேலை? முக்கிய வீதியை விட்டு இறங்கினால் பேசாலை, தாழ்வுபாடு கடற்கரை ஒழுங்கைகளில் மணல். நானாட்டான், அடம்பன் பக்கத்து வயல் பாதைகளில் மாரியில் களிமண். சிவிக்கின் அடிக்கும் தரைக்கும் இடையில் அரை அடிகூட இல்லை. உள்நாட்டில் பொருத்தப்பட்ட மகிந்திரா கேயூவி100இல் அது 170 மில்லிமீற்றர். வயலும் வாடியும் உள்ளவருக்கு அந்த ஓரிரு அங்குல வித்தியாசம் நாளாந்தம் தெரியும்.

இவ்வளவும் உள்ளூர்க் காரின் பக்கம் சாய்வதாகத் தெரியும். அந்தப் பக்கத்தையும் சலுகை இல்லாமல் பார்ப்போம். உள்ளூர்க் கார் என்பது உள்ளூரில் உருவாக்கிய கார் அல்ல. எஞ்சினும் கியரும் உடலும் வெளிநாட்டிலிருந்து வரும். ரயர், பற்றரி, இருக்கை போன்றவற்றை உள்நாட்டில் சேர்த்துப் பொருத்துவார்கள். 1995இல் லோரன்ஸ் பெரேரா தொடங்கிய மைக்ரோ நிறுவனம் இதில் முன்னோடி. அதன் சின்ன மைக்ரோ பாண்டா சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கார். மகிந்திரா கேயூவி100 வெலிப்பென்னயில் 2019இலிருந்து பொருத்தப்பட்டது. ஹியூண்டாய் கிராண்ட் ஐ10உம் உள்நாட்டில் பொருத்தப்படுகிறது. 2017 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டி நெடுங்காலம் சர்ச்சையில் கிடந்த குளியாப்பிட்டி வாகனப் பொருத்தல் தொழிற்சாலையும் 2024இல் திறக்கப்பட்டது. தாய் நிறுவனம் அந்த மாதிரியைக் கைவிட்டால் இங்கே வாங்கியவர் என்ன செய்வார்? கேயூவி100இன் விற்பனை இந்தியாவிலேயே 2023இல் முடிவுக்கு வந்தது. இந்தியா அருகில் இருப்பதால் பாகம் சில காலம் கிடைக்கும். தூர தேசத்துக் காரில் அந்த நம்பிக்கையும் குறையும். உள்ளூர்க் காரை வாங்குமுன் தாய்நாட்டில் அது இன்னும் விற்கப்படுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

பாதுகாப்பில் சிவிக் தெளிவாக முன்னே நிற்கிறது. அந்தத் தலைமுறை சிவிக் 2017இல் யூரோ என்கப் மோதல் சோதனையில் முதலில் நான்கு நட்சத்திரமும், குறைகளைத் திருத்திய பின் ஐந்தும் பெற்றது. இந்தியாவில் தயாரான கிராண்ட் ஐ10 நியோஸ் 2020இல் குளோபல் என்கப் சோதனையில் இரண்டு நட்சத்திரம் மட்டுமே பெற்றது. இரண்டு சோதனை முறைகளும் வேறு வேறு என்றாலும் இடைவெளி பெரியது. இரவு வீதியில் கழுதையும் எதிரே லொறியும் வரும் நாட்டில் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. நான் தயங்கும் ஒரே இடம் இதுதான். குழந்தைகளோடு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர், எருக்கலம்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு உறவுகளைப் பார்க்க மாதம் தோறும் போய்வரும் குடும்பம், இந்தக் கணக்கை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால் நான் அவர்களை மறுத்துப் பேச மாட்டேன். உள்ளூர்க் காரிலும் காற்றுப்பைகளின் எண்ணிக்கையையும் நிலைப்புக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் வகைக்கு வகை பார்த்து, கூடியதையே எடுக்க வேண்டும்.

காசு பற்றி ஒன்று. 2020 முதல் 2024 வரை வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் பழைய கார் விற்ற காலம், காரைச் சேமிப்பாக நினைக்கும் பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. கதவு மூடியிருந்ததால் வந்த விலை அது. கதவு திறந்தபின் அதை நம்பி லீசிங் எடுப்பது ஆபத்து. பழைய காருக்கான லீசிங்கில் வட்டியும் முற்பணமும் பெரும்பாலும் கூடும், உத்தரவாதமும் இருக்காது. மாதத் தவணை கட்டும் அதே மாதத்தில் எஞ்சின் வேலையும் வந்தால் குடும்பம் தாங்காது. மன்னாரில் இன்னொரு நிலைமையும் உண்டு. காசு லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ தம்பி அனுப்புவார், காரின் மாதிரியையும் அவரே தெரிவு செய்வார். உவர்க்காற்றில் அதை வைத்துப் பார்க்கிறவர் அண்ணர். விடுமுறைக்கு மூன்று கிழமை வந்து ஓட்டுகிறவரின் ஆசைக்கும், மீதி ஆண்டு முழுவதும் மடுவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஓட்டுகிறவரின் தேவைக்கும் இடையே வெளிப்படையான பேச்சு நடக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. வீட்டில் ஒரே கார், அதுவும் தீவில் நிற்கப் போகிறது, ஓட்டம் பெரும்பாலும் மாவட்டத்துக்குள் என்றால், தாய்நாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கும் மாதிரியாகவும், வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ சேர்விஸ் வசதி உள்ள நிறுவனத்தினதாகவும் பார்த்துப் புதிய உள்ளூர்க் காரையே வாங்குங்கள். அந்த இரண்டு நிபந்தனையில் ஒன்று தவறினாலும், சிவிக்குக்கும் போகாமல், டேர்போ இல்லாத சாதாரண டொயோட்டா செடான் ஒன்றுக்குப் போவது நல்லது. அதைத் திருத்தாத கராஜ் வடக்கில் இல்லை. சிவிக் டேர்போ, கொழும்பில் அல்லது கண்டியில் பாதி வாழ்வு வாழ்ந்து, எண்ணெய் மாற்றிய முழுப் பதிவோடு கிடைத்தால், பெல்ட் மாற்றும் செலவையும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும்.

எதை வாங்கினாலும், முற்பணம் கொடுக்குமுன் காரை லிஃப்ற்றில் ஏற்றச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தை உங்கள் மெக்கானிக்கோடு நின்று பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.